அத்தான் கேட்ட மோட்டார்

"டூ ஸ்ட்ரோக்கே போதும்," என்றார் அத்தான்.

மச்சினனுக்குச் சுருக்கென்றது. ஒரு மாதமாகப் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் வீண். படகில் பாதி அவனுடையது. முடிவு மட்டும் முழுக்க அத்தானுடையது.

மோட்டார் கடைக்காரரும் விடவில்லை. "ஃபோர் ஸ்ட்ரோக் எடுத்துக்குங்க. பெட்ரோல் கம்மியாக் குடிக்கும். ஆயில் கலக்குற வேலையே இல்லை. படகுல உட்கார்ந்து ரகசியம் பேசலாம், அவ்வளவு அமைதி."

"அமைதி வேணாம்."

"பழைய மோட்டார் சத்தத்துல என் காது போச்சு அத்தான். அக்கா பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் கேட்கிறதில்ல. உங்களுக்கு வேணா அது வசதியா இருக்கலாம். அந்த மீசைக்காரர்கூடப் போன வருஷமே ஃபோர் ஸ்ட்ரோக் மாட்டிட்டார்."

"அவன் மாட்டினா நானும் மாட்டணுமா?"

ஓஹோ, விஷயம் அதுதானா என்று நினைத்துக்கொண்டான் மச்சினன். வலை அறுந்த தகராறில் அத்தானும் மீசைக்காரரும் முகம் பார்த்துப் பேசி எட்டு வருஷம் ஆகிறது. எல்லாம் வீம்பு.

டூ ஸ்ட்ரோக்கே வந்தது. "நடுக்கடல்ல நின்னாலும் நாமளே பிரிச்சு மாட்டிக்கலாம்," என்று சமாதானம் வேறு சொன்னார் அத்தான்.

முதல் நாளே மீசைக்காரர் கரையில் நின்று பொதுவாகச் சொன்னார்: "இனி கடல்ல மீனுக்கெல்லாம் காது கேட்காது."

எல்லாரும் சிரித்தார்கள். மச்சினனுக்கு மானம் போயிற்று. அத்தான் பாட்டுக்கு வலையை உதறிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் விடிந்தும் பனிமூட்டம் விலகவில்லை. கரைக்குத் திரும்பும் வழியில், இரண்டு பக்கமும் பாறை இருக்கும் குறுகலான இடம். அத்தான் அதற்கு முன்னாலேயே கியரை எடுத்துவிட்டு, நின்ற இடத்தில் மோட்டாரை உறும விட்டார்.

பழைய மோட்டாரிலும் இப்படித்தான் செய்வார். அதில் ஏதோ அடைப்பு என்று மச்சினன் நினைத்திருந்தான். புதுசுக்கு என்ன அடைப்பு?

"எதுக்கு அத்தான் பெட்ரோலை வீணாக்குறீங்க?"

"கொஞ்சம் பொறு."

பனிக்குள்ளிருந்து சத்தமே இல்லாமல் ஒரு படகு வந்தது. மீசைக்காரர் தனியாக இருந்தார். பாறைப் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து, காதை இவர்கள் பக்கம் வைத்திருந்தார்.

அத்தான் கியரைப் போட்டு மெல்ல முன்னே போனார். அந்தப் படகும் கோடு போட்டதுபோல் பின்னாலேயே வந்தது.

அத்தான் மச்சினன் காதோரம் குனிந்தார். "போன வருஷம் கரையில நேருக்கு நேர் வந்தவன், என்னைப் பார்த்து 'வாங்க வாங்க'ன்னு வாய் நிறையக் கூப்பிட்டான். அன்னைக்கே தெரிஞ்சு போச்சு, அவனுக்குப் பார்வை மங்கிடுச்சுன்னு."

மச்சினன் திரும்பிப் பார்த்தான். பாறைகள் பின்னால் போய்விட்டிருந்தன.

"அவன் மோட்டார் சத்தம் போடாது. நாமளும் சத்தமில்லாம வந்தா, அவன் எதைக் கேட்டுடா கரை சேருவான்?"