ஃப்ரீசரில் இருந்த குப்பி

பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் கையில் எடுத்தபோது கரண்ட் போனது. 2008-ல் மண்ணரையில் அது தினமும் நடப்பதுதான். ஆனால் கல்யாணப் பெண் விஜயராணி பதறி ஓடி, ஃப்ரீசரிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா சித்ராதேவி விடவில்லை. "அதென்ன கண்ணு, மருந்தா?"

"மருந்தில்லீங்க, ஆராய்ச்சிக்கு வாங்கினது. லேப் லீவுங்கறதால ஊட்டுக்குக் கொண்டாந்தேன். உருகிட்டா ஒரு வருஷ வேலை போயிருமுங்க."

"ஆராய்ச்சியை ஊட்டு ஃப்ரீசர்ல வெப்பாங்களாக்கும்! ஏனுங்க, உள்ளதைச் சொல்லீருங்க. புள்ளைக்கு என்ன சீக்கு?"

அந்தக் கேள்வி பெண்ணின் அப்பா பெருமாள்சாமிக்கு. விஜயராணியே சொன்னாள். "நோயை எதிர்க்கிற வெள்ளை அணுவை, போதும் நில்லுன்னு நிறுத்தற புரதமுங்க. மனுச உடம்புல இருக்கறதை லேப்ல செஞ்சிருக்காங்க. யாருக்கும் ஊசியா போட முடியாது."

"சீக்கை மறைச்சுக் கல்யாணம் பண்றது பாவமுங்க. எந்திரி மாதவா, போலாம்."

மாதவன் எழவில்லை. டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த அணு நம்ம கை மூட்டுகளையே திங்க ஆரம்பிச்சுட்டா, அதையும் இது நிறுத்துமுங்களா?"

"மூட்டுகளைப் பத்தி நான் எதுவும் சொல்லலீங்களே."

விஜயராணி அவன் விரல்களைப் பார்த்தாள். அவை டம்ளரைச் சுற்றி மடங்கவே இல்லை.

"எத்தனை வருஷமா இருக்குதுங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சித்ராதேவி அவசரமாக முந்தானையை இழுத்து மகனின் கைகளை மூடினாள்.