ஐஸ் பெட்டியில் வந்த கட்டி

"ஃப்ரீசர்ல வச்சுட்டு நாளைக்குப் பார்க்கலாமே மேடம்! காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. உங்க முகமே சரியில்ல."

"உறைய வச்சா செல்லுக்குள்ள இருக்கற பையெல்லாம் வெடிச்சுடும்மா. இன்னிக்கு விட்டா இது திரும்பக் கிடைக்காது."

ஆய்வுக்கூடத்தின் தலைவி ஐஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் வளர்ந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்து அவரே வாங்கி வந்திருந்தார்.

உதவியாளர் இந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். வாய் சும்மா இருக்காது.

"இத்தனூண்டு கட்டியா ஒரு மனுஷனை அந்தப் பாடு படுத்துச்சு?"

"பயந்தா, கோபப்பட்டா ரத்தத்துல அட்ரினலின் கலக்கும் இல்லையா? அதைச் சேர்த்து வைக்க இந்தச் சுரப்பியோட செல்லுக்குள்ள குட்டிக் குட்டிப் பைகள் இருக்கு. பையோட சுவர்ல பம்ப். உள்ள இழுத்து இழுத்து அடைச்சு வச்சுக்கும். நமக்குத் தேவைப்பட்டாத்தான் வெளியில விடும். இவருக்கு நினைச்சப்பல்லாம் கொட்டிடும்."

"கொட்டினா?"

"சும்மா டிவி பார்த்துட்டிருப்பாராம். திடீர்னு முகம் வெளுத்து, வேர்த்து ஊத்தி, நெஞ்சு அடிச்சுக்குமாம். ஆபீஸ்ல பயந்தாங்கொள்ளின்னே பேர் வச்சுட்டாங்க. நடுராத்திரி வந்தா யாரையும் எழுப்பாம, சமையலறையில போய்த் தனியா உட்கார்ந்துக்குவாராம். பாவம், அவர் பயப்படவே இல்ல. அவர் உடம்புதான் பயந்துச்சு."

"இப்ப எப்படி இருக்கார் மேடம்?"

கட்டியை நறுக்கிக்கொண்டிருந்த கத்தி ஒரு கணம் நின்றது.

"தூங்கறார்."

"அப்பாடா! தூங்கட்டும். எத்தனை நாள் தூக்கமோ!"

நறுக்கியதை அரைத்து, வடிகட்டி, இயந்திரத்தில் சுழற்றினார்கள். குழாயின் அடியில் வெளிர் ரோஜா நிறத்தில் கொஞ்சம் படிந்தது. அவ்வளவும் பைகள். மேஜைமேல் செல்போன் அடித்தது.

"எடுக்கட்டுமா மேடம்?"

"இருக்கட்டும். குழாயைப் பிடி."

படிந்ததை இரண்டு குழாய்களில் பிரித்து ஊற்றினார். இரண்டிலும் அட்ரினலின், ஒன்றில் மட்டும் ஒரு மருந்து.

"இந்த மருந்து பம்பை நிறுத்துதான்னு பார்க்கணும். பம்ப் நின்னா பை நிரம்பாது. அப்புறம் ஆபரேஷன்ல டாக்டர் கை கட்டியில பட்டதும் மொத்தமும் ரத்தத்துல கொட்டற ஆபத்தும் குறைஞ்சுடும்."

"அதான் இவருக்குக் கட்டியை எடுத்தாச்சே? இப்ப எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"அவருக்கு ஒரு மக இருக்கா. இந்த வியாதி சில குடும்பத்துல ரத்தத்தோட இறங்கும்." மேடம் குழாயைப் பார்த்தபடியே சொன்னார். "கொஞ்ச நாளா அவளுக்கும் திடீர் திடீர்னு வேர்க்குது."

உதவியாளர் குழாய்களை எடுத்துக் கருவியில் வைத்தாள்.

சாயங்கால வெயில் ஜன்னலைத் தொடும்போது கருவியின் திரையில் எண்கள் வந்தன. முதல் குழாயில் பைகள் அட்ரினலினை வயிறு முட்ட இழுத்திருந்தன. மருந்து போட்ட குழாயில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

"நின்னுடுச்சு மேடம்! பம்ப் நின்னுடுச்சு!" உதவியாளர் கைதட்டினாள்.

மேடம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"யாரோ ஒருத்தர் குடும்பத்துக்காக இப்படி அழறீங்களே மேடம். உங்களுக்கு ரொம்ப இளகின மனசு."

மறுபடியும் செல்போன் அடித்தது. கையுறையோடு இருந்த மேடம் தலையசைக்க, உதவியாளர் ஸ்பீக்கரைப் போட்டாள். ஓர் இளம்பெண்ணின் குரல் கேட்டது.

"அம்மா, அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்துட்டாங்க. எல்லாரும் வந்தாச்சு. நீ வந்து முகத்தைப் பார்த்தப்புறம்தான் எடுக்கணும்னு சித்தப்பா சொல்றாரும்மா."