காட்டுக்கருணை பூத்த நாள்

காய்ச்சல் போகும்போது தணிகாசலத்தின் மூக்கிலிருந்து எல்லா வாசனையையும் கொண்டு போய்விட்டது. குழம்பு தீய்ந்தாலும் அவனுக்குத் தெரியாது. மனைவி வேதவல்லி தலையில் வைத்திருப்பது மல்லிகையா காகிதப்பூவா என்பதும் தெரியாது. மருந்துகள் தோற்ற பிறகு, மலையில் கிழங்கு தோண்டுகிற ஒருவர் காட்டுக்கருணைக் கிழங்கு ஒன்றைக் கொடுத்தார். "இது பூக்கிற அன்னிக்குச் செத்தவனும் மூக்கைப் பொத்துவான், சாமி." அதற்கு வெயில் ஆகாது என்பதால் கொல்லைப் பலாமரத்தின் அடியில் சருகு போட்டு நட்டான். நான்கு மழைக்காலங்களில் குடைபோல ஒற்றை இலை விரிந்து, சுவடில்லாமல் மண்ணுக்குள் போனது. "வெறும் மண்ணுக்கா காவல் இருக்கீங்க?" என்பாள் வேதவல்லி. ஐந்தாம் வருடம் கோடை மழைக்குப் பிறகு இலைக்குப் பதிலாக, கருஞ்சிவப்பில் முறம் அகலத்துக்கு ஒரு பூ வந்தது.

அன்று காலை பக்கத்து வீட்டு ஜெயசீலி தெருவாசலில் வந்து நின்றாள். "அக்கா, உங்க பரண்ல எலி கிலி செத்துக் கெடக்கா பாருங்க. நாங்க எங்க பரணையே காலி பண்ணிட்டோம். சோறு எறங்கல."

வேதவல்லி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போனாள். தணிகாசலம் மண்டியிட்டு, பூவுக்குள் முகத்தை வைத்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். அவள் முந்தானையை இறக்கிவிட்டாள்.

"வேதா, நாறுதா?"

"இல்லீங்க. இன்னும் சரியா விரியலபோல."

அவன் பூவில் மொய்த்திருந்த ஈக்களைப் பார்த்தான். பிறகு அவள் கண்ணில் கோத்திருந்த நீரைப் பார்த்தான்.

"ஆமா, இன்னும் ஒரு நாள் ஆகும்" என்று சொல்லி, சருகின்மேல் அவள் உட்கார இடம் விட்டு நகர்ந்தான்.