விட்டுக்கொடுத்த இடம்

“யாரைக் கேட்டு சயன்ஸ் க்ளாஸ் வேணாம்னு சொன்னே?”

வேலையிலிருந்து வந்த மோகனராஜ் காலணியைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று கேட்டார்.

தனுஜா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“என் மக டாக்டராகப் போறான்னு ஃபேக்டரி பூரா சொல்லி வச்சிருக்கேன். இன்னிக்கு ஸ்கூல்ல இருந்து போன் வருது. உங்க பிள்ளை நாலாம் படிவத்துக்குக் கணக்கியல் க்ளாஸ் கேட்டிருக்கா, உங்களுக்குத் தெரியும்தானேன்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

சமையலறையிலிருந்து அம்மா காமினி எட்டிப் பார்த்தாள்.

“மெதுவா பேசுங்க லா. பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்குது.”

“கேக்கட்டும். மார்க் இருக்கு, இடமும் குடுத்துட்டாங்க. எடுத்துக்கிறதுக்கு இவளுக்கு என்ன கேடு?”

காரணம் ரொம்பச் சின்னது. அவளுக்கு பயாலஜி பிடிக்கவில்லை, கணக்கியல் பிடித்திருந்தது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்லத் துணிவு வரவில்லை.

காலையில் கவுன்சலிங் ஆசிரியை நோர்மா சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. ‘நீ விலகினால் அந்த இடம் உன் தோழி ஷஹீதாவுக்குப் போகும். அடுத்து நிற்பது அவள்தான்.’

“ஷஹீதாவுக்காகப்பா” என்றாள் தனுஜா. “அவளுக்கு சயன்ஸ் கிடைக்கலேன்னு ரொம்ப அழுதா. பாவமா இருந்துச்சு. அதான் என் இடத்தை விட்டுக்கொடுத்துட்டேன்.”

ஷஹீதா அழுது அவள் பார்த்ததே இல்லை.

மோகனராஜ் மெல்ல வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“அப்போ உனக்கு டாக்டராகணும்னு ஆசை இல்லையா?”

“இருந்துச்சுப்பா.”

இரண்டாவது பொய் தடங்கலில்லாமல் வந்தது.

அவர் குனிந்து காலணியைக் கழற்றினார். பிறகு, “எனக்கெல்லாம் இந்த மனசு வராது” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அதோடு முடிந்தது என்றுதான் தனுஜா நினைத்தாள்.

மறுநாளே அப்பா தொழிற்சாலையில் சொன்னார். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். டாக்டராகப் போகிற மகள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், தோழிக்காக டாக்டர் படிப்பையே விட்டுக்கொடுத்த மகள் என்று சொல்ல ஆரம்பித்தார். பெரியப்பா போன் பண்ணி அழுதேவிட்டார்.

சேதி பள்ளிக்கும் வந்து சேர்ந்தது. தலைமையாசிரியை காலைச் சபைகூடலில் தனுஜாவை மேடைக்கு அழைத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். ஷஹீதா மட்டும் வரிசையில் தலை குனிந்து நின்றாள். கூச்சமாக இருக்கும் என்று தனுஜா நினைத்துக்கொண்டாள்.

நோர்மா டீச்சர் வராந்தாவில் நிறுத்தித் தோளைத் தட்டினார்.

“நல்ல பிள்ளை. எந்த க்ளாஸில் இருந்தாலும் பஹாசா மொழிப் பாடத்தையும் செஜாரா வரலாற்றுப் பாடத்தையும் விட்டுவிடாதே. அந்த இரண்டும் பாஸ் ஆகாவிட்டால் ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். பரீட்சை சர்டிபிகேட்டே கிடையாது. மற்றதெல்லாம் உன் விருப்பம்.”

“சரி டீச்சர்.”

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட அவள் நினைக்காமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் பாராட்டினார்கள். சொல்ல வேண்டியது கனத்துக்கொண்டே போனது.

சனிக்கிழமை சாயங்காலம் ஷஹீதாவின் குடும்பமே தனுஜாவின் ரைபிள் ரேஞ்ச் வட்டார ஃபிளாட்டுக்கு வந்தது. அவள் அம்மா சல்மாவின் கையில் இனிப்பான வட்டிலப்பம். அத்தா சூலியா ஸ்ட்ரீட்டில் துணிக்கடை வைத்திருப்பவர். அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு மோகனராஜின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் சயன்ஸ் படிச்சதில்ல. உங்க மகளாலதான் இது நடக்குது.”

“நம்ம பிள்ளைங்கதானே பாய். யாரு படிச்சா என்ன” என்றார் மோகனராஜ்.

சல்மா தனுஜாவின் கன்னத்தைத் தடவினாள். தனுஜாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசிக்கிட்டு இருங்க” என்றாள் காமினி.

இருவரும் வாசலுக்கு வெளியே, நடைபாதையின் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். கீழே யாரோ மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஏண்டி அப்படிப் பண்ணே?” என்றாள் ஷஹீதா, உள்ளே கேட்காத குரலில்.

“எப்படி?”

“எனக்கு சயன்ஸே வேணாம்டி. ஆர்ட்ஸ் க்ளாஸ்ல சேர்ந்து ஓவியம் படிக்கணும். அத்தா சொன்னாருன்னுதான் சயன்ஸ் கேட்டேன். இடம் இல்லேன்னு சொன்னதும் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அத்தாவும், சரிம்மா, ஓவியமே படின்னு சொல்லிட்டாரு. ட்ராயிங் சாமான்கூட வாங்கிக் குடுத்துட்டாரு.”

தனுஜா அவள் பக்கம் திரும்பினாள்.

“இப்ப மட்டும் என்ன? வேணாம்னு சொல்லிடேன்.”

“எப்படிச் சொல்றது? உன்னோட டாக்டர் ஆசையையே எனக்காகத் தூக்கிக் குடுத்திருக்கே. அதைப் போய் வேணாம்னு சொன்னா நான் மனுஷியா?”

தனுஜா வாயைத் திறந்தாள்.

உள்ளே அப்பா பேசுவது கேட்டது. “அவ சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான் பாய். தனக்குன்னு எதுவும் வச்சுக்க மாட்டா.”

திறந்த வாய் மூடிக்கொண்டது. கண்ணில் நீர் முட்டியது.

ஷஹீதா தலையில் போட்டிருந்த துடோங் துணியின் நுனியால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“அழாத லா. நீ எனக்குக் குடுத்ததை நான் வீணாக்க மாட்டேன். பிடிக்குதோ பிடிக்கலையோ, உனக்காக டாக்டராகியே காட்டுறேன்.”