பட்டன் மட்டும்தான் பாக்கி

“வாரா வாரம் இந்த ஃபேஷன் டிசைன் போட்டியை வாயைப் பிளந்துட்டுப் பார்க்குறியே, அதுல அப்படி என்னதான் இருக்கு?” என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார் அவர்.

“சும்மா உட்கார்ந்து பாருங்க.”

டிவியில் மணி அடித்தது. “நேரம் முடிஞ்சுது! எல்லாரும் துணியிலேருந்து கையை எடுங்க!”

போட்டியில் இருந்த பெண் ஒருத்தி அழுதாள். “பட்டன் மட்டும்தான் சார் பாக்கி!”

நடுவர் அசரவில்லை. “நீங்க வெளிய போகலாம்.”

கணவருக்குப் பொறுக்கவில்லை. “அடப்பாவி! இன்னும் ஒரு நாள் கொடுத்தா குடியா முழுகிப் போயிடும்? ஈவு இரக்கமே இல்லாத ஜென்மம்!”

மனைவியோ கைதட்டி ரசித்தாள்.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி ஒலித்தது. வாசலில், இடுப்பில் குழந்தையோடு பக்கத்துத் தெருப் பெண்.

“என் கவுன் தைச்சாச்சா மாஸ்டர்?”

கழுத்தில் தொங்கிய டேப்பைச் சரிசெய்தபடி அவர் கூசாமல் சொன்னார். “பட்டன் மட்டும்தாம்மா பாக்கி. நாளைக்கு வந்துடு.”

“என் கல்யாணத்துக்குக் கொடுத்த கவுன் மாஸ்டர் அது. இவனுக்கே பல் முளைச்சிடுச்சு!”

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “அதை ஏன் பார்க்குறேன்னு கேட்டீங்களே! இப்படிச் சொல்றவங்களை அங்கேயாவது வெளிய அனுப்புறாங்க!”