லீற்றருக்குப் பதினாறு

“மனிசி ஏறமாட்டன் எண்டதுக்கு, நல்ல காரைப் போட்டு இந்தப் பாடு படுத்துறீரே தம்பி” என்று சொல்லிச் சிரித்தார் கனிசியஸ். குருநகரில் கராஜ் வைத்திருப்பவர். கலியாணம் கட்டியவன் படும் பாட்டைக் கண்டால் அவருக்கு ஒரு சந்தோசம். தானும் முப்பது வருசமாகப் பட்டவர்.

கேதீஸ்வரன் சிரிக்கவில்லை. இணுவிலில் இருந்து காலையிலேயே வந்து, தன்னுடைய சின்ன ஹைபிரிட் காருக்குப் பெரிய ரயர் பூட்டித் தரச் சொல்லி நின்றான். கார் ஜக்கில் ஏறி அடிப்பக்கம் தெரிந்ததும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவனுடைய மனைவி தர்சினி கொடிகாமத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிவிட்டது. எத்தனையோ தரம் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. இந்தக் காரைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்டாள். காரை மாற்றிச் செய்விக்கிறேன் என்று முந்தாநாள் அவன் சொன்ன பிறகுதான், செய்துவிட்டுச் சொல்லுங்கள், பார்ப்போம் என்றிருக்கிறாள். இன்று பின்னேரத்துக்குள் வேலை முடியாவிட்டால் அவள் மனம் மாறிவிடும் என்று அவனுக்குப் பயம்.

கனிசியசுக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. சொந்தக்காரி யாராவது ஜீப்பில் வந்து இறங்கியிருப்பாள். இவளுக்கும் ஜீப் ஆசை பிடித்திருக்கும். ஜீப் வாங்க வக்கில்லாதவன் கையில் இருக்கிற காரை உயர்த்தப் பார்க்கிறான், பாவம்.

ஆனாலும் தொழிலில் அவர் நேர்மையானவர். பெரிய ரயர் மட்காட்டில் உரசாமல் இருக்கக் காரை இரண்டு அங்குலம் உயர்த்தவேண்டும் என்றார். பாரம் கூடும், காற்றுப் பிடிக்கும், பற்றறியில் ஓடுகிற ஓட்டம் குறைந்து எஞ்சின்தான் மாய வேண்டிவரும் என்றும் சொன்னார்.

“இப்ப லீற்றருக்கு எவ்வளவு ஓடுது?”

“இருபத்திரண்டு.”

“இனிப் பதினாறு ஓடினால் பெரிய காரியம்.”

“பதினாறு காணும் அண்ணை.”

கனிசியஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். எரிபொருளுக்கு வரிசையில் கிடந்து சலித்து, ஊரையே எழுப்பும் பழைய டீசல் வானை விற்றுப்போட்டு இந்தக் காரை வாங்கியவன் இவன். லீற்றருக்கு இருபத்திரண்டு, லீற்றருக்கு இருபத்திரண்டு என்று கலியாண வீடு, செத்த வீடு என்று பாராமல் சொல்லித் திரிந்தவன். அந்த மனிதன் எங்கே, கன்னம் ஒட்டிப்போய், வாங்கிக் கொடுத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் நிற்கிற இந்த மனிதன் எங்கே.

அப்படியென்றால் இதை விற்றுவிட்டு வேறு வாகனம் பார்க்கலாமே என்று கேட்டார்.

“விக்கலாம். வாங்கிறவன் கொண்டுபோய்த் தன்ரை வீட்டு வளவுக்கை விடுவான். அதுக்கு எனக்கு மனமில்லை அண்ணை.”

மனிசியிலும் பார்க்கக் காரில் ஆசை வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார் கனிசியஸ். அவள் கோபித்துக்கொண்டு போனதில் நியாயம் இருக்கிறது என்றும் அவருக்குப் பட்டது.

கராஜில் அந்த அளவில் இரண்டு வகை ரயர் இருந்தது. ஒன்று தார் வீதிக்கு உரியது, வழுவழுவென்று ஓடும். மற்றது சேற்றில் ஓடுவதற்கு, கட்டை கட்டையாகப் பிதுங்கியது. அது இரையும், காருக்குள் இருந்து கதைக்க முடியாது, வேண்டாம் என்று புத்தி சொன்னார். கேதீஸ்வரன் அதைத்தான் காட்டினான்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. கனிசியஸ் காரைச் சந்தி வரை ஓட்டிப் பார்த்தார். தேவாலயத்தடியில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தன் கராஜில் இருந்து இப்படியொரு இரைச்சல் வெளிக்கிட்டது என்று நாளைக்கு ஊர் சிரிக்கும். வெட்கத்தோடு திரும்பி வந்து, கூலி வேண்டாம், மற்ற ரயரை மாற்றிப் பூட்டித் தருகிறேன் என்றார்.

கேதீஸ்வரன் அதைக் காதில் வாங்கவில்லை. கைபேசியில் தர்சினியை அழைத்து, குரல் வெளியே கேட்கும்படி பிடித்துக்கொண்டு, வாசலில் இருந்த சல்லிக்கல்லைக் கனிசியசுக்குக் காட்டினான்.

“ஒருக்கால் பின்னுக்கு எடுங்கோ அண்ணை. மெல்ல.”

கனிசியஸ் எடுத்தார். எஞ்சின் மூச்சுக் காட்டவில்லை. ரயர் மட்டும் கல்லைக் கடித்துக் கறகறவென்று ஒழுங்கை முழுவதும் கேட்க வந்து நின்றது.

“கேட்டுதோ?” என்றான் கேதீஸ்வரன்.

அவனைப் பார்க்கக் கனிசியசுக்கு உண்மையாகவே இரக்கமாக இருந்தது. இறங்கி வந்து, அவனுக்காகத் தானும் ஒரு வார்த்தை சொல்லிவைப்போம் என்று கைபேசிப் பக்கம் குனிந்தார்.

“தங்கச்சி, நீர் கேட்ட மாதிரியே ஜீப்பாக்கியாச்சு. பெற்றோல் கூடக் குடிக்குது எண்டு பேந்து இவரைப் பேசக் கூடாது.”

அவளுக்கு அது கேட்டதோ தெரியவில்லை. வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று புருசனிடம் சொன்னாள். அவன் அந்தச் சல்லிக்கல்லிலேயே குந்திவிட்டான். கனிசியஸ் சிரித்தபடி அவன் தோளில் தட்டக் கையை நீட்டியபோது, கைபேசியில் அவள் மறுபடி பேசினாள்.

“உந்தச் சத்தம் அண்டைக்குக் கேட்டிருந்தால், காருக்குப் பின்னாலை மண் விளையாடின எங்கடை பிள்ளை எழும்பி ஓடியிருக்குமப்பா.”