தொண்டைப் பழக்கம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மஜ்தல் ஷம்ஸ் ஊரில் நடந்த ஒரு பெண் பார்க்கும் கதை சொல்கிறேன்.

சமீஹா போனை எடுத்தாலே கத்துவாள்.

"அம்மா, இன்னிக்கு மட்டும் மெதுவாப் பேசும்மா. மாப்பிள்ளையோட அம்மா அதிர்ந்தே பேச மாட்டாங்களாம். உன் சத்தத்தக் கேட்டா சம்பந்தமே வேணாம்னு எழுந்துடுவாங்க" என்று மகள் ரீமா கெஞ்சினாள்.

"வாயே திறக்கல, போதுமாடி?"

மாப்பிள்ளையின் அம்மா நசீரா வந்தார். பஞ்சு போலப் பேச்சு. தேநீர் ஊற்றும் நேரம் பார்த்து, ஊரை ஒட்டிய எல்லை வேலிக்கு அந்தப் பக்கம், சிரியாவில் இருக்கும் சமீஹாவின் தங்கை ஹிந்த் வாட்ஸப்பில் கூப்பிட்டாள்.

"அக்கா, பொண்ணப் புடிச்சிருக்காமா?"

"இன்னும் சொல்லலடீ! கேக்குதா?"

சமீஹா போட்ட சத்தத்தில் கோப்பைகள் நடுங்கின. ரீமா கண்ணை மூடிக்கொண்டாள்.

நசீரா எழுந்தார். நேரே வந்து போனை வாங்கினார்.

"பொண்ணு எங்களுக்குத்தான்! கேக்குதாம்மா?"

ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. நசீரா வெட்கத்தோடு வாயைப் பொத்திக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க. என் அண்ணனும் அந்தப் பக்கந்தான். இருபது வருஷம் வேலியோரம் நின்னு, ஒலிபெருக்கியிலயே அவனோட பேசினேன். இப்பப் போனைக் கண்டாலும் தொண்டை தானாத் திறந்துக்குது."

"நானும் அங்கேதான் நின்னேன், சம்பந்தியம்மா!"

ஹிந்த் போனில் கத்தினாள்: "ரெண்டு பேரும் ஜன்னல் வழியா என்னப் பாருங்க!"

யாரையும் கடக்க விடாத வேலிக்கு அப்பால், எதிர்மேட்டில், ஒரு சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டு நல்ல சேதியும் ஊருக்கே கேட்கட்டும், கண்ணுகளா; நடுவில் வேலி மட்டும் இல்லாதிருக்கட்டும்.